மருத்துவக் கனவுக்கு நடுவே ஓர் ஆண்டு: பணிக்கு மதிப்பெண் இல்லை

புது தில்லி: காட்பாடியில் இருந்து திருப்பதிக்குச் செல்லும் ரயில்கள் சித்தூரைக் கடந்த பிறகு பாகாலா சந்திப்பை அடைகின்றன. மதனப்பள்ளி, கதிரி பகுதிகள் வழியாகத் தர்மாவரம் செல்லும் பாதை இங்குதான் பிரிகிறது. ரயில் பாதையின் ஒரு முனையில், காட்பாடியை அடுத்த வேலூரில், நூற்றாண்டு கண்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) உள்ளது. மறுமுனையில், திருப்பதியில், 1960-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், 2014-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஓரிரு மணி நேரப் பயணத்தில் இத்தனை மருத்துவக் கல்லூரிகளை எட்டிவிடக் கூடிய சிற்றூர்கள் நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால், பாகாலாவில் இன்டர்மீடியட் (பிளஸ் டூ) முடித்து, நீட் தேர்வில் இடம் கிடைக்காத மாணவர் ஒருவர் அடுத்த ஓராண்டை என்ன செய்வது என்று கேட்டால், ஊரே ஒரே பதிலைத்தான் சொல்லும். "லாங் டெர்ம்" என்பதே அந்தப் பதில். தேர்வில் தவறியவர்கள் மீண்டும் எழுதுவதற்காக ஓராண்டு முழுவதும் விடுதியில் தங்கிப் பெறும் பயிற்சிக்கு ஆந்திரத்தில் வழங்கும் பெயர் இது. தமிழகத்தில் இவர்களை "ரிப்பீட்டர்" என்கிறார்கள். தில்லியிலும் வடமாநிலங்களிலும் "டிராப்பர்" என்பது பெயர். ஓர் ஆண்டைக் "கைவிட்டவர்" என்பது அதன் பொருள். பெயர் எதுவாயினும் செய்வது ஒன்றுதான்.

அந்த ஓராண்டில் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகவோ, ஆய்வகத்திலோ, 108 ஆம்புலன்ஸிலோ பணியாற்றி, நோயாளிகளைக் கண்ணால் கண்டுவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேர ஒருவர் விரும்பினால்? தடை ஏதும் இல்லை. பயனும் ஏதும் இல்லை. இந்தியாவில் இளநிலை மருத்துவச் சேர்க்கையில் அந்தப் பணிக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. அங்கே செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும், பயிற்சி மையத்தில் அமர்ந்திருக்கும் போட்டியாளருக்கு விட்டுக்கொடுக்கும் மணி நேரமாகிறது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிரானது. அங்கு மருத்துவக் கல்லூரியில் சேருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டப் படிப்புக்குப் பின் ஓராண்டோ, அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்கள். அவசர ஊர்திப் பணி, மருத்துவருக்குக் குறிப்பெடுக்கும் எழுத்தர் பணி, ஆய்வக உதவியாளர் பணி எனப் பலவற்றை அந்த இடைவெளியில் செய்கிறார்கள். விண்ணப்பப் படிவத்திலேயே பணிகளையும் செயல்பாடுகளையும் குறிப்பிட 15 பதிவுகள் வரை இடம் உண்டு. எந்தப் பணியைத் தேர்ந்தெடுத்தால் கல்லூரி மதிக்கும் என்பதே அங்குள்ள மாணவரின் கவலை. எந்தப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியும் என்பது பாகாலா மாணவரின் கவலை.

12-இல் இருந்து 71 சதவீதம்

இந்த ஓராண்டு எவ்வளவு விலையுயர்ந்த பொருளாக மாறிவிட்டது என்பதற்குத் தமிழகமே சான்று. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழக அரசு 2021-இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களை முதல் முறை எழுதியவர்கள், மீண்டும் எழுதியவர்கள் எனப் பிரித்துக் கணக்கிட்டது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெற்ற 2016-17-இல், இடம் பெற்றவர்களில் மீண்டும் முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் அது 71.42 சதவீதமாக உயர்ந்தது.

அதாவது, நான்கே ஆண்டுகளில் தமிழகத்தில் மருத்துவப் படிப்பு, நடைமுறையில், ஓராண்டு கூடிவிட்டது. சட்டத்தில் எங்கும் எழுதப்படாத அந்த ஆண்டுக்கான கட்டணத்தை மாணவரின் குடும்பமே செலுத்துகிறது. விடுதியுடன் கூடிய ஓராண்டுப் பயிற்சிக்கு லட்ச ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மாணவர் அந்த ஆண்டில் ஈட்டியிருக்கக் கூடிய வருமானமும் போகிறது. இந்த இரண்டாவது இழப்பை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பாகாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்தக் கணக்கு மாமரத்தில் தொங்குகிறது. அருகிலுள்ள தாமலசெருவு மாங்காய் மண்டி பெயர் பெற்றது. சித்தூர் வட்டாரத்தின் முதன்மை ரகம், தமிழர்கள் பெங்களூரா என்றும் கிளிமூக்கு மாங்காய் என்றும் அழைக்கும் தோத்தாபுரி. பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குச் செல்வது. 2025 பருவத்தில் அதன் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. நீட் தேர்வு மே மாதத்தில் நடைபெறுகிறது. முடிவு ஜூன் மாதத்தில் வருகிறது. மாங்காய் விலை தெரிவதும் அதே வாரங்களில்தான். பிள்ளையை இன்னோர் ஆண்டு படிக்க வைப்பதா, வேறு படிப்பில் சேர்ப்பதா என்ற முடிவை இங்குள்ள சிறு விவசாயி எடுக்கும்போது, தேர்வு மதிப்பெண்ணுடன் மண்டி விலையும் அவர் முன்னே இருக்கிறது.

ஒரே ரயில் பாதை, இரு அரசியல்

நீட் தேர்வுக்கு எதிராகத் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பு, மாநில எல்லைக்கு அப்பால் சில மைல் தொலைவில் உள்ள சித்தூர், பாகாலா பகுதிகளில் எழவில்லை. இதைக் கண்டு தமிழக அரசியல்வாதிகள் சிலர் வியப்பதுண்டு. வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆந்திரத்தில் எம்செட் எனப்படும் நுழைவுத் தேர்வு பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தது. அதைச் சுற்றி விஜயவாடா, குண்டூர், நெல்லூர், திருப்பதி ஆகிய ஊர்களில் விடுதியுடன் கூடிய தனியார் கல்லூரிகள் வளர்ந்தன. நீட் வந்தபோது அங்கே தேர்வின் பெயர்தான் மாறியது.

தமிழகத்தின் வரலாறு வேறு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கிராமப்புற மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்ற காரணத்தால் 2007-இல் கருணாநிதி ஆட்சியில் சட்டம் இயற்றி அது நீக்கப்பட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலான பத்தாண்டுகளில் ஓராண்டு காத்திருப்பதற்கு அவசியம் குறைவாக இருந்தது. காட்பாடியில் "பறிக்கப்பட்ட உரிமை"யாகத் தெரிவது, பாகாலாவில் "எப்போதும் உள்ள நடைமுறை"யாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இரண்டில் எது சரி என்பதைவிட, இரு ஊர்களிலும் ஏழை மாணவர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

தில்லியில் மாறி மாறி வந்த விதிகள்

எத்தனை முறை எழுதலாம், எந்த வயது வரை எழுதலாம் என்பதில் தில்லி உறுதியான நிலை எடுத்ததில்லை. மூன்று முறை மட்டுமே எழுதலாம் என்று 2017 தொடக்கத்தில் கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், 2017 தேர்வே முதல் முயற்சியாகக் கருதப்படும் என்று விளக்கம் தரப்பட்டது. அந்தக் கட்டுப்பாடும் பின்னர் நிலைக்கவில்லை. பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்ற வயது உச்சவரம்பை 2018 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே தீர்ப்பில், திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களும் நீட் எழுதக் கூடாது என்ற விதியை ரத்து செய்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்குக் கிடைத்த சிறு வெற்றி அது. வயது உச்சவரம்பை 2021 அக்டோபரில் கைவிட முடிவு செய்த தேசிய மருத்துவ ஆணையம், 2022 மார்ச்சில் அதை முறைப்படி அறிவித்தது.

இதன் விளைவாக, எந்த வயதிலும், எத்தனை முறையும் முயலலாம் என்ற நிலை உருவானது. கேட்பதற்கு நல்ல செய்திதான். தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கும் பணிக்குச் சென்று திரும்பியவர்களுக்கும் கதவு திறந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், திறந்த கதவின் வழியே பெருமளவில் நுழைந்தவர்கள் அவர்கள் அல்லர். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள். 2025 நீட் தேர்வை 22 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம். அவற்றில் ஏறக்குறைய பாதி மட்டுமே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு முறை மட்டுமே எழுத முடியும் என்பதுடன் இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

அந்த ஓராண்டின் மனச்சுமை உச்ச நீதிமன்றம் வரை வந்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலையில் தீர்ப்பளித்த நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மாணவர்களின் மனநலம் காக்கக் கல்வி நிறுவனங்களும் பயிற்சி மையங்களும் பின்பற்ற வேண்டிய 15 நெறிமுறைகளை வகுத்தது. ஆனால், மாணவர்களை அந்த மையங்களுக்குள் தள்ளும் சேர்க்கை முறை அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை.

சேவைக்கு மதிப்பெண் தந்த காலம்

பணிக்கும் சேவைக்கும் மதிப்பெண் தருவது இந்தியாவுக்குப் புதியதன்று. 1970-ஆம் ஆண்டுத் தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு, தேசிய மாணவர் படை, பாடத்துக்கு வெளியே ஆற்றிய சேவை, உடல் உறுதி, பொதுத் திறன், நாட்டம் ஆகியவை அதில் மதிப்பிடப்பட வேண்டும் என்பது விதி.

விதி நன்றாகத்தான் இருந்தது, கெட்டது நடைமுறை. பெரியகருப்பன் வழக்கில் 1970 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நேர்காணல் சில நிமிடங்களில் முடிக்கப்பட்டது, ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் இடாமல் மொத்தமாக வழங்கப்பட்டது என்ற குறைகள் வெளிவந்தன. மாநிலத்தைப் பிரிவுகளாக்கித் தனித்தனியே தேர்வு செய்த முறையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பரிந்துரையும் செல்வாக்கும் நுழையும் வாசலாக நேர்காணல் இருந்ததை அனுபவித்த சமூகம், முகம் பார்க்காத எழுத்துத் தேர்வை நாடியதில் நியாயம் உண்டு. இன்று பணி அனுபவத்துக்கு மதிப்பெண் கேட்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது. மருத்துவமனையில் ஓராண்டு பணியாற்றியதாகச் சான்றிதழ் வாங்குவது இந்த நாட்டில் கடினமான காரியம் அன்று.

வேலூர் கண்ட வழி

பாகாலாவில் இருந்து ரயில் ஏறினால் எட்டிவிடும் வேலூர் சி.எம்.சி., நேர்காணல் முறையை நெடுங்காலம் கைவிடாமல் காத்துவந்தது. தானே நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறியவர்களை வேலூருக்கு அழைத்து, சில நாள்கள் தங்கவைத்து, குழுப் பணிகளிலும் நேர்காணலிலும் அவர்களைக் கவனித்த பிறகே தேர்வு செய்தது. பெரும்பாலான மாணவர்களைத் திருச்சபை அமைப்புகள் முன்மொழிந்தன. படிப்பு முடிந்ததும் அவர்கள் அந்த அமைப்புகளின் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அவை பெரும்பாலும் சிற்றூர்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் உள்ளவை. மதிப்பெண்ணுக்கு அப்பால், சேவை மனம் உள்ளவரா என்பதை முன்கூட்டியே அறிய முயன்ற முறை இது. எல்லாருக்கும் திறந்த வழி அன்று என்ற குறை அதற்கு உண்டு. எனினும், அதன் விளைவை மறுப்பது கடினம்.

நீட் தேர்வை 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பு சி.எம்.சி.யின் பெயரால் அறியப்படுவதே. அந்தத் தீர்ப்பு 2016 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. 2017-இல் நீட் தரவரிசைப்படி மட்டுமே சேர்க்க மறுத்த சி.எம்.சி., தனது 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் 99-ஐக் காலியாக விட்டது. மத்திய அரசின் ஒதுக்கீட்டில் வந்த ஒரே ஒருவர் அந்த ஆண்டு சேர்ந்தார். சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம் இறுதியாகக் கூறியது. பணியும் மனப்பான்மையும் மதிப்பிடப்பட்ட கடைசி வாசல்களில் ஒன்று அத்துடன் மூடியது.

முதுநிலையில் மட்டும் ஏன்?

விந்தை என்னவெனில், அதே சட்ட அமைப்பு முதுநிலைப் படிப்பில் பணி அனுபவத்தை மதிக்கிறது. தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், 30 சதவீதம் வரை நீட் முதுநிலை மதிப்பெண்ணில் ஊக்கம் தர இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி இடமளித்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடர்ந்த வழக்கில், அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு வழங்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மலைக் கிராமத்தில் மூன்றாண்டு பணியாற்றிய மருத்துவருக்குக் கிடைக்கும் அங்கீகாரம், அதே கிராமத்தில் அவருக்கு உதவியாக நின்ற செவிலியருக்கோ, ஆம்புலன்ஸ் பணியாளருக்கோ, அவர் மருத்துவம் படிக்க விரும்பினால், கிடைப்பதில்லை.

முறைகேட்டுக்கு இடம் தராமல் இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஜெர்மனி ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கு மருத்துவ இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு, பல ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. வெறும் காத்திருப்பைத் தகுதியாகக் கருதும் அந்த ஏற்பாட்டில் குறை கண்ட அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 2017 டிசம்பரில் சேர்க்கை முறையின் பல கூறுகளை நிராகரித்தது. 2020-இல் வந்த புதிய முறையில் காத்திருப்போர் ஒதுக்கீடு படிப்படியாக நீக்கப்பட்டு, பள்ளி மதிப்பெண்ணைச் சாராத 10 சதவீத ஒதுக்கீடு உருவாக்கப்பட்டது. செவிலியராகவோ அவசர மருத்துவப் பணியாளராகவோ முறையாகப் பயின்றவர்களுக்கு அதில் மதிப்பு உண்டு. நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலம் 2019-இல் தொடங்கிய கிராம மருத்துவர் ஒதுக்கீட்டிலும் இத்தகைய பயிற்சியும் அனுபவமும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அங்கு மதிப்பிடப்படுவது யாரோ தரும் பாராட்டுக் கடிதம் அன்று. அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சி.

அப்படி ஒரு வழிக்கு இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழகம் 2020-இல் வழங்கிய 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, நீட் தேர்ச்சியைக் கைவிடாமலேயே போட்டியின் களத்தை மாற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அதை ஏற்றது. அரசு மருத்துவமனையில் செவிலியராக, ஆய்வக நுட்புநராக, 108 பணியாளராக இத்தனை ஆண்டு பணியாற்றி நீட் தேர்ச்சியும் பெற்றவருக்கு ஒரு சிறு பங்கு என்பது, ஊதியப் பட்டியலைக் கொண்டே சரிபார்த்துவிடக் கூடிய விஷயம். இதை முன்வைக்கும் கட்சி எதுவும் தில்லியில் இல்லை. நீட் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதமே நாடாளுமன்றத்தில் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. தமிழக சட்டப் பேரவை இருமுறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

இதற்கிடையே, பாகாலா மாணவருக்கு அந்த ஓராண்டு தீர்ந்துவிடுகிறது. அவர் நிரப்பும் நீட் விண்ணப்பம், பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற ஆண்டைக் கேட்கிறது. பிறகு அவர் ஆற்றிய பணியைக் கேட்பதில்லை. சில மாநிலங்களின் சேர்க்கையில் மட்டும், இடைவெளி ஆண்டில் வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்குகிறார்கள்.